செல்லாயி குளத்தில் விழவில்லை

பரந்தன்
2024 ஆகஸ்ட் 4

அன்புள்ள கஜேந்தினி,

இந்தப் பொதியை நெடுங்கேணி பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். உன் கடைக்கு வந்த ஆணிப் பெட்டி என்று நினைத்து உன் மனுசன் நிஷாந்தன் தூக்கி மூலையில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள். உள்ளே என் நாவல் இருக்கிறது. பெயர் ‘மேட்டுக்காணி’. முடியப்போகிறது, முடியப்போகிறது என்று நாலு வருடமாக உன் காதைத் தின்றேனே, அதுதான்.

எப்படி முடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. விடிய முதலே எழும்பிக் குசினி மேசையில் இருந்து எழுதுவேன். வீட்டில் அந்த நேரத்துக்கு வேறு எந்த மூலையும் எனக்கென்று இல்லை. அம்மா வந்து கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு, “அந்த மனிசி இன்னும் சாகேல்லையோ?” என்று கேட்பார். கதாநாயகி கடைசியில் சாகிறாள் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதன்பிறகு தினமும் இதே விசாரிப்பு. பிறகு குளித்து, உடுத்து, கிளிநொச்சிக் கந்தோருக்கு வேலைக்கு ஓட்டம். காலையில் வராத வசனம் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது வரும். இறங்குவதற்குள் மறந்துபோகும்.

நீ எனக்கு ஓர் உதவி செய்யவேண்டும். செல்லாயி மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து, ஒரு கமக்காரரின் வயலில் வேலை செய்கிறவள். அவளுடைய பேச்சு சரியா என்று நீதான் பார்க்கவேண்டும். உன் அம்மா மீனம்மாவின் பேச்சைக் காதில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். மீனம்மா என் அப்பாவின் வயலில் வேலை செய்த காலத்தில் நாங்கள் இருவரும் வரம்பில் இருந்து வீட்டுப்பாடம் செய்தது எல்லாம் இதில் வருகிறது. அங்கங்கே உங்கள் வீட்டுச் சாயல் தெரிந்தால் குறை நினைக்காதே. நாவல்தானே.

சென்னையில் பதிப்பாளர் காத்திருக்கிறார். ஜனவரிப் புத்தகச் சந்தைக்கு வரவேண்டுமாம். கெதியாக வாசித்து அனுப்பு.

அன்புடன்,
சுமித்திரா

நெடுங்கேணி
2024 ஆகஸ்ட் 22

சுமித்திரா,

‘அன்புள்ள’ என்று போட மனம் வரவில்லை. போடவில்லை.

வாசித்து முடித்தேன். சிமெந்து கேட்டு வந்தவர்களையும் பைப் கேட்டு வந்தவர்களையும் நிஷாந்தனிடம் அனுப்பிவிட்டு, கடைக் கதிரையில் இருந்தபடியே வாசித்தேன். முதல் பகுதியில் சிரித்தேன். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடும் நாளை நன்றாக எழுதியிருக்கிறாய். அதற்குப் பிறகு உன் செல்லாயி வாயைத் திறந்தாள். ‘எசமான்’ என்கிறாள். ‘சாமி’ என்கிறாள். எங்கள் வீட்டில் யார் அப்படிக் கதைத்ததைக் கேட்டாய்? அம்மா உன் அப்பாவை ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவார். பொழுதுபட்டும் வேலை முடியாவிட்டால், “என்னா ஐயா, எங்களுக்கெல்லாம் வீடு வாச இல்லையா?” என்று முகத்துக்கு நேரே கேட்பார். நீ பக்கத்தில் நின்றிருக்கிறாய். அது உன் காதில் விழவில்லை. ‘சாமி’ மட்டும் எங்கிருந்தோ விழுந்திருக்கிறது.

செல்லாயியின் புருசன் குடித்துவிட்டு உழவு ரக்ரரில் அடிபட்டுச் சாகிறான். என் அப்பா சுடலைமுத்து கடைசிச் சண்டையில் மாத்தளனில் செல் விழுந்து செத்தவர். புதைத்த இடம்கூட எங்களுக்குத் தெரியாது. அவரைக் குடிகாரனாக்கிக் கொல்ல உனக்கு எப்படிக் கை வந்தது?

பிறகு செல்லாயி காணியை இழந்து குளத்தில் விழுகிறாள். காணிக்காரர் குளக்கட்டில் நின்று அழுகிறார். அவளுடைய மகனுக்கு ஒரு துண்டு நிலம் எழுதிக் கொடுக்கிறார். சுமித்திரா, யார் அழுதார்? யாருக்கு எழுதிக் கொடுத்தார்?

நடந்ததைச் சொல்கிறேன். நீ அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தாய். 2010இல் நாங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்து, எங்கள் பழைய இடத்தில் தறப்பாள் கொட்டில் கட்டத் தடி நட்டோம். உன் அப்பா ரக்ரரில் தூணும் முள்ளுக்கம்பியும் கொண்டுவந்து இறக்கினார்.

“மீனம்மா, இது என்ர அரசாங்கப் பெமிற்றுக்குள்ள வாற காணி. நீங்கள் வேற இடம் பாருங்கோ.”

“ஒங்க அப்பா எங்களுக்குன்னு காட்டுன எடம் ஐயா இது. எழுவத்தேழு கலவரத்துல வந்தப்ப காட்டுனாரு.”

“அப்பர் வாயால சொன்னது. கடதாசியில இல்லை.”

அவ்வளவுதான். வேலி அடைத்தார்கள். என் அம்மா குளத்துக்குப் போகவில்லை. காணிக் கந்தோருக்குப் போனார். திருப்பித் திருப்பிப் போனார். பஸ் இல்லாத நாளில் நடந்து போனார். உள்ளே இருந்த பெரியவர்களோடு தொண்டை கட்டும்வரை வாதாடினார். கடைசியில் இங்கே காட்டோரம் ஒரு காணி பெற்று, பற்றையை வெட்டி, யானையோடு மல்லுக்கட்டிக் கச்சான்கடலை போடுகிறார். இதைவிட்டு உனக்குக் குளம்தான் கிடைத்ததா?

எனக்குப் போன் எடுக்காதே. எடுத்தாலும் நான் பதில் சொல்லமாட்டேன். எழுதியதற்கு எழுதித்தான் கணக்குத் தீர்க்கவேண்டும்.

கஜேந்தினி

பரந்தன்
2024 செப்டெம்பர் 7

கஜேந்தினி,

உன் கடிதத்தை வாசித்து இரண்டு நாள் கந்தோரில் ஒரு வேலையும் ஓடவில்லை. இப்போது கோபம் கொஞ்சம் ஆறியிருக்கிறது என்று நினைத்துப் பேனை எடுத்தேன். ஆறவில்லை.

நாவல் என்பது நீதிமன்றச் சாட்சியம் இல்லை. செல்லாயி மீனம்மா இல்லை, அவளுடைய புருசன் உன் அப்பாவும் இல்லை. ஒரு சொல்லை எடுப்பேன், ஒரு முகத்தை எடுப்பேன், மீதியைக் கட்டுவேன். எழுதுகிறவள் செய்வது அதுதான். ஒரு பந்தி சரிவரும்வரை ஏழெட்டுத் தரம் அடித்து எழுதியிருக்கிறேன். குளத்து அத்தியாயத்தை எத்தனை தரம் மாற்றினேன் என்று எனக்கே நினைவில்லை. பதிப்பாளர் அதைத்தான் புத்தகத்தின் உச்சம் என்றார். அதை ‘உனக்குக் குளம்தான் கிடைத்ததா’ என்று ஒரு வரியில் தூக்கி எறிகிறாய்.

இன்னொன்று கேட்கிறேன். பதினாலு வருடம் நீ ஏன் வாய் திறக்கவில்லை? உன் கலியாணத்துக்கு வந்தேன். கடை திறந்தபோது வந்தேன். என் முதல் சிறுகதைத் தொகுப்பு வெளியீட்டுக்கு நீதான் வந்து முன்வரிசையில் இருந்தாய். ஒரு நாளாவது, ‘உன் அப்பா எங்களை வேலிக்கு வெளியே விட்டவர்’ என்று சொன்னாயா? நான் கேட்டபோது அப்பா சொன்னது, ‘அவையளுக்கு நெடுங்கேணியில நல்ல காணி கிடைச்சிட்டுது, அங்கால போயிட்டினம்’ என்று. நான் நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு யார் காரணம் தந்தார்கள்?

சொல்லாமல் வைத்திருந்துவிட்டு, இப்போது நான் பிழையாக எழுதிவிட்டேன் என்று ஏசுகிறாய். உனக்குத் தெரிந்த கதையை நீயே எழுதியிருக்கலாம். தமிழ்ப் பாடத்தில் எப்போதும் என்னைவிடக் கூடப் புள்ளி எடுத்தவள் நீதானே.

சுமித்திரா

நெடுங்கேணி
2024 செப்டெம்பர் 19

சுமித்திரா,

உன் பிரதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ‘எசமான்’ வந்த இடமெல்லாம் சிவப்புப் பேனையால் வெட்டியிருக்கிறேன். கேட்ட உதவி செய்து முடிந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். நீ ஒரு நாளாவது கேட்டாயா? எங்கள் வீடு இருந்த மூலையில் இப்போது முருங்கையும் தேசிமரமும் நிற்கின்றன. தினமும் அதைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகிறாய். அங்கே இருந்தவர்கள் எப்படி எழும்பிப் போனார்கள் என்று உனக்கு ஒரு யோசனை வரவில்லை. நாவல் எழுத வந்த பிறகும் வரவில்லை. உன் அப்பா சொன்னதே போதும் என்று விட்டுவிட்டாய். நாங்கள் சொல்லியிருந்தாலும், ‘கஜே கொஞ்சம் கூட்டிக் கதைக்கிறாள்’ என்றுதான் நினைத்திருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை. எனக்கு உன் சிநேகிதமும் வேண்டியிருந்தது.

எழுதச் சொல்கிறாய். விடிந்தால் கடை, மதியம் பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரும், பின்னேரம் அம்மாவின் தோட்டம். எனக்கு மேசை இல்லை. குசினியிலும் இல்லை.

ஒரு வேலை செய். உன் அப்பாவிடம் ஒரு கேள்வி கேள். வேறு ஒன்றும் வேண்டாம். உங்கள் வேலிக்குள் இருக்கிற கிணற்றை யார் வெட்டினது என்று கேள்.

கஜேந்தினி

பரந்தன்
2024 ஒக்டோபர் 5

கஜே,

கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. அப்பா முற்றத்தில் தண்ணீர்ப் பம்பைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

“அப்பா, மூலைக் கிணறு ஆர் வெட்டினது?”

“ஏன், இப்ப என்னத்துக்கு?”

“சும்மா கேக்கிறன்.”

“சுடலைமுத்து வெட்டினவன். கூலி குடுத்தனான்.”

“அவை அந்தத் துண்டில இருக்கிறதுக்கெண்டு வெட்டின கிணறு எல்லோ. அதுக்கு நீங்கள் ஏன் கூலி குடுத்தனீங்கள்?”

அவர் பம்பைத் துடைப்பதை நிறுத்தினார். “ஆர் உனக்கு இதெல்லாம் சொன்னது? பெமிற் என்ர பேரில. அப்பர் பாவம் பாத்து இருக்க விட்டவர். இருக்க விட்டா சொந்தமோ? சண்டை முடிஞ்சு வந்த நேரம், ஆர் எந்தக் காணியைப் பிடிக்கப் போறான் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நான் என்ர எல்லையைக் காப்பாத்தினனான். உன்னைப் படிக்க வைச்ச காணி அது.”

உன்மேல் இருந்த கோபம் எல்லாம் அப்படியே திரும்பி அவர்மேல் போனது. ‘பாவம் பாத்து’ என்ற அந்தச் சொல்லை நான் என் நாவலில் எத்தனை இடத்தில் நல்ல சொல்லாகப் பாவித்திருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

உள்ளே வந்தேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

“வேலி அடைச்ச அண்டைக்கு மீனம்மா கேற்றடியில இருந்தவா. வெயிலுக்கும் அசையேல்லை. நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுத்தனான். வாங்கேல்லை. கப்பை மதிலில வைச்சிட்டு வந்திட்டன்.”

“பிறகு?”

“பிறகு என்ன. பின்னேரம் எழும்பிப் போயிட்டா. தேத்தண்ணி அப்பிடியே இருந்தது.”

“எனக்கேன் சொல்லேல்லை அம்மா?”

“அப்ப நீ யாழ்ப்பாணத்தில. வந்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தாய்,” என்றார். ஏதோ நான் நித்திரையாக இருந்தேன் என்பது மாதிரி.

குளத்து அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். குடிகாரக் கணவனையும் எடுத்துவிட்டேன். அவை இரண்டும் போனதும் பின்பாதி முழுவதும் ஓட்டை. நவம்பர் முடிவுக்குள் திரும்ப எழுதவேண்டும். மீனம்மாவிடம் வந்து கேட்கலாமா?

சுமி

நெடுங்கேணி
2024 ஒக்டோபர் 17

சுமி,

முதலில் வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தேன். நீ வந்து குந்தியிருந்து குறிப்பெடுத்துக்கொண்டு போக எங்கள் வீடு ஒன்றும் வாசிகசாலை இல்லை என்று ஒரு பக்கம் நிரப்பினேன். அந்தக் கடதாசியைக் கிழித்துவிட்டேன். காரணம் அம்மா.

நான் கடையில் யாரையோ காரணமில்லாமல் ஏசினதைக் கேட்டுவிட்டு, “எதுக்கு இந்தக் கோவம்?” என்று அம்மா கேட்டார். சொன்னேன். மிச்சம் வைக்காமல் சொன்னேன். அம்மா கச்சானில் மண் தட்டிக்கொண்டே கேட்டார். முதலில் அவருக்கு வந்தது அப்பாவுக்கான கோபம்.

“குடிச்சாரா? ஒங்கப்பனா? வெத்தலையத் தவிர வேற எதத் தொட்டாரு அந்த மனுசன்?”

பிறகு குளத்தைச் சொன்னேன்.

“நான் ஏன் புள்ள கொளத்துல விழுவேன்? எனக்கு நீந்தத் தெரியும்ல.”

“அது கதையம்மா.”

“கதன்னா மட்டும் சாகணுமா? அந்த வருசம் சாகாத பாடுபட்டு உசுரோட வந்தேன். ஒருத்தி ஒக்காந்து எழுதி என்னயச் சாகடிக்கிறா. எழுதுனவ மூஞ்சியப் பாக்கணும். அவள வரச் சொல்லு.”

ஆகவே வா. அம்மா கூப்பிடுகிறார், நான் கூப்பிடவில்லை. பேனையைப் பையில் வைத்திருந்து, அவர் சொன்ன பிறகு எடு.

கஜேந்தினி

பரந்தன்
2024 நவம்பர் 16

கஜே,

உன் அம்மா என்னைக் கச்சான் உடைக்க வைத்துக்கொண்டே ஏசினதை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். நகம் இன்னும் நோகிறது. நீ ஒரு பக்கத்தில் நின்று சிரித்ததையும் மறக்கமாட்டேன்.

நெடுங்கேணியால் வந்த அன்றிலிருந்து எழுதுகிறேன். கந்தோரில் முதல் கொஞ்ச நாள் லீவு போட்டேன். புதிய அத்தியாயங்களை இத்துடன் அனுப்புகிறேன். செல்லாயி இப்போது குளத்துக்குப் போவதில்லை. கந்தோருக்குப் போகிறாள். உள்ளே கூப்பிடும்வரை வெளியே மர வாங்கில் குந்தியிருக்கிறாள், கூப்பிடாவிட்டால் தானே எழும்பி உள்ளே போகிறாள். எழுதும்போது முன்பு வராத வேகம் வந்தது. முன்பு அவளை எப்படி அழவைக்கலாம் என்று மண்டையை உடைத்தேன். இப்போது அவள் சொல்வதை எழுதக் கை போதவில்லை.

பதிப்பாளருக்கு அனுப்பினேன். போன் எடுத்தார்.

“மேடம், குளத்துக் காட்சி எங்க?”

“எடுத்திட்டன்.”

“அதுதான மேடம் புத்தகத்தோட உயிரே. உங்க ஊர்க் கதைன்னா வாசகர் அழணும்னு எதிர்பார்ப்பாங்க. ஒரு அம்மா ஆபீசுக்குப் போறதும் வர்றதும் யார் படிப்பா?”

“நான் படிப்பன்,” என்றேன்.

குளத்தைத் திருப்பி வைத்தால் ஜனவரி, இல்லாவிட்டால் பிறகு பார்க்கலாம் என்றார். பிறகு என்றால் இல்லை என்று அர்த்தம். எங்கள் ஊரில் உயிரோடு இருப்பவர்கள் கதைக்கு உதவமாட்டார்களாம். செத்தால்தான் இலக்கியமாம். நான் போனை வைத்துவிட்டேன். அவ்வளவு ஆத்திரம் வந்தது.

அது ஒரு பக்கம். மேசையில் கிடந்த தாள்களை அப்பா எடுத்து வாசித்திருக்கிறார். நான் கந்தோரால் வரும்போது கதிரையில் நேரே இருந்தார்.

“பெத்த அப்பனைச் சந்தியில நிப்பாட்டுறாய் என்ன?”

“அது கதையப்பா. காணிக்காரருக்குச் சிவக்கொழுந்து எண்டுதான் பேர்.”

“ஊருக்கு விளங்காதோ ஆரெண்டு? இது அச்சில வந்தா நீ இந்த வீட்டில இராதை.”

அச்சில் வரும்வரை ஏன் காத்திருக்கவேண்டும் என்று நினைத்தேன். சந்திக்குப் பக்கத்தில், ஒரு தையல் கடைக்குப் பின்னால் அறை எடுத்திருக்கிறேன். ஒரு கட்டிலும் ஒரு மேசையும். அம்மா சோறு கட்டிக்கொண்டு வந்தார். வந்து அழவில்லை. மேசையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஆடுது, கீழ கடதாசி மடிச்சு வை,” என்றார்.

புதிய அத்தியாயங்களை மீனம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

சுமி

நெடுங்கேணி
2024 டிசெம்பர் 8

சுமி,

மழையால் தபால் பிந்தியது. தோட்டத்துக்குள் வெள்ளம். வேலை இல்லாததால் அம்மாவுக்கு முழுவதையும் வாசித்தேன்.

நீ வீட்டை விட்டு வந்தது எனக்குச் சந்தோசம் என்று நினைக்காதே. அதை நான் கேட்கவும் இல்லை. இதற்காக எங்களிடம் நன்றியை எதிர்பார்த்து ஒரு வரிகூட எழுதாதே. நீ எழுதவில்லை, அது நல்லது.

செல்லாயியின் பேச்சு இப்போது சரி. கந்தோர் வாங்கில் பக்கத்தில் இருந்தவளோடு வெத்திலை மாற்றிக்கொள்ளும் இடத்தில் அம்மா சிரித்தார். ஆனால் உன் சிவக்கொழுந்தை என்ன செய்து வைத்திருக்கிறாய்? முதல் பிரதியில் கண்ணீர் விட்டவர், இந்தப் பிரதியில் நாயை அவிழ்த்து விடுகிறார். தறப்பாளைக் கொளுத்துகிறார். உன் அப்பாவோடு உனக்கு இருக்கிற கோபத்தை எங்கள் கணக்கில் எழுதுகிறாய். அவர் நாய் விடவில்லை. கொளுத்தவும் இல்லை. இடம்பெயர்ந்து போகும்போது விசுவமடுவரை எங்களைத் தன் ரக்ரரில்தான் ஏற்றிக்கொண்டு போனார். அதையும் நான் மறக்கவில்லை.

நான் சொன்னால் நீ கேட்கமாட்டாய். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அந்த மனுசன் கெட்டவரு இல்ல. எங்க கெணத்த எடுத்துக்கிட்டாரு. அவ்வளவுதான். அத அப்படியே எழுதச் சொல்லு. பேயாக்குனா யாரும் நம்பமாட்டாங்க. நல்ல மனுசன்தான் எடுத்தாருன்னு எழுதுனாத்தான் ஒறைக்கும்.”

அதற்குப் பிறகு இன்னொன்று கேட்டார். “செல்லாயி செல்லாயின்னு வாசிக்கிறியே, அது யாரு?”

“நீங்கதான்.”

“நான் மீனம்மால்ல. கந்தோர்ல கத்துனது நானு. காடு வெட்டுனது நானு. பேரு மட்டும் எவளோ ஒருத்திக்கா? எம் பேரப் போடச் சொல்லு.”

நான் விளங்கப்படுத்திப் பார்த்தேன். நாவலில் அப்படிப் போடுவதில்லை, பிரச்சினை வரும் என்றேன். “அவளுக்கா எனக்கா?” என்று கேட்டார். பதில் உனக்குத் தெரிந்தால் எழுது.

கஜே

பரந்தன்
2025 பெப்ரவரி 23

கஜே,

பதில் எழுத இரண்டு மாதம் எடுத்ததற்கு மன்னித்துக்கொள். நாயையும் நெருப்பையும் எடுத்துவிட்டு அந்த மனிதரை எழுதுவது நாவல் முழுவதையும்விடக் கஷ்டமாக இருந்தது. அழவைத்தபோதும் சுலபம், பேயாக்கியபோதும் சுலபம். ரக்ரரில் ஏற்றிக்கொண்டு போனவரே திரும்பி வந்து வேலி அடைத்தார் என்று எழுதும்போது ஒவ்வொரு வசனமும் என்னை எதிர்த்து நின்றது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம். சில நாள் அதுவும் இல்லை. மேசைக்குக் கீழே கடதாசி மடித்து வைப்பதும் எடுப்பதுமாகவே காலை போய்விடும். இப்போது முடிந்தது. முடிந்தது என்று இந்தத் தரம் நானே நம்புகிறேன்.

வவுனியாவில் ஒரு சிறிய அச்சகக்காரர் போடுகிறார். அவர் குளம் கேட்கவில்லை.

மீனம்மாவின் பெயர் மீனம்மாவாகவே இருக்கிறது. கணவன் சுடலைமுத்து. அவர் எங்கே, எப்படி இறந்தார் என்பதும் இருக்கிறது. அச்சுக்குக் கொடுக்க முதல் அப்பாவிடம் இதைச் சொல்லவேண்டும் என்று வீட்டுக்குப் போனேன். ஏசுவார், கேற்றைப் பூட்டுவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போனேன்.

“மீனம்மா தன்ர பேரைப் போடச் சொல்லிப்போட்டா அப்பா. போட்டிருக்கிறன்.”

“அப்ப என்னை?” என்று கேட்டார்.

“சிவக்கொழுந்துதான். மாத்தேல்லை.”

கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

“அவ தன்ர பேரில வருவா. நான் வேற பேரில ஒளிச்சிருக்கவேணுமோ? களவெடுத்தவன்தான் ஒளிப்பான். பெமிற் என்ர கையில இருக்கு. ராஜரத்தினம் எண்டு போடு.”

“அப்பா, நடந்தது எல்லாம் அதில இருக்கு.”

“இருக்கட்டும். செய்ததைச் செய்தனான் எண்டு சொல்ல எனக்கென்ன பயம்? போடு.”

இவ்வளவு கோபமாக ஒருவர் என் புத்தகத்துக்கு அனுமதி தந்ததில்லை. அவர் தான் செய்தது சரி என்று இன்னும் நம்புகிறார். அந்த நம்பிக்கையோடேயே அவரை உள்ளே விட்டிருக்கிறேன். வாசிக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

சுமி

நெடுங்கேணி
2025 மே 11

அன்புள்ள சுமி,

உன் புத்தகம் எங்கள் கடையில் பெயின்ற் டின்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கம்பி வாங்க வந்தவர்கள் எடுத்துப் புரட்டுகிறார்கள். பாடசாலை அதிபர் ஒருவர் வாங்கிக்கொண்டு போய், இப்படியெல்லாம் எழுதலாமா என்று திரும்பி வந்து கேட்டார். எழுதியாயிற்றே என்றேன்.

இந்தக் கடிதம் அதற்கில்லை. போன புதன்கிழமை நீ கந்தோரில் இருந்த நேரம் உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லவேண்டும். உன் அம்மா சொல்லியிருப்பார். ஆனால் அவர் பாதியில் குசினிக்குள் போய்விட்டார்.

அம்மா விடிய எழும்பி, “பரந்தனுக்குப் போவோம்,” என்றார். எதற்கு என்று கேட்டால் சொல்லவில்லை. புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டார். பஸ்ஸால் இறங்கி நேரே நடந்தார். உங்கள் கேற்றடியில் நின்று கூப்பிட்டார்.

“ஐயா.”

உன் அப்பா வெளியே வந்தார். அம்மாவைக் கண்டதும் நின்றுவிட்டார். அம்மா புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

“இதுல எம் பேரும் இருக்கு, ஒங்க பேரும் இருக்கு. ஊர்ல ஒருத்தரு பொய்யின்னு சொல்றாரு. எது பொய்யின்னு நீங்களே சொல்லுங்க. நான் கேட்டுட்டுப் போறேன்.”

உன் அப்பா கேற்றைத் திறந்தார். கதிரை எடுத்துப் போட்டார். அம்மா இருந்தார். பதினைந்து வருடத்துக்குப் பிறகு அந்த முற்றத்தில் இருந்தார். உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் புத்தகத்தையும் எடுத்து வந்தார். அதில் பக்கம் பக்கமாகக் கோடு போட்டிருந்தார், சுமி. அவர் வாசிப்பார், நிறுத்துவார், அம்மாவைப் பார்ப்பார். அம்மா, “ம், மேல படிங்க,” என்பார். வேலி அடைத்த இடம் வந்ததும் இருவர் குரலும் உயர்ந்தது. தெருவில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். பெமிற் என்றார் இவர். வாக்கு என்றார் அம்மா. கூலி என்றார் இவர். எங்க வீட்டு மனுசன் எங்களுக்காக வெட்டின கிணற்றுக்கு நீங்க எதுக்குக் கூலி குடுத்தீங்க என்றார் அம்மா. நீ கேட்ட அதே கேள்வி. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மதியம் தாண்டிவிட்டது. கடைசியில் உன் அப்பா புத்தகத்தை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார்.

“இதில ஒரு பிழை இருக்கு.”

“என்னா பிழை?”

“ரக்ரர் சிவப்பெண்டு எழுதியிருக்கு. அந்த நேரம் என்னட்டை இருந்தது நீலம்.”

அம்மா யோசித்தார். “ஆமா. நீலம்தான்.”

“அதைத் திருத்தச் சொல்லுங்கோ.”

“சொல்றேன். மத்ததெல்லாம்?”

உன் அப்பா பொய் என்று சொல்லவில்லை, சுமி. பெமிற் என்றும் சொல்லவில்லை. எழும்பி உள்ளே போய்விட்டார். உன் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். என் அம்மா வாங்கிக் குடித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கொஞ்சம் நெகிழ்ந்துதான் போயிருந்தேன். பார்த்தீங்களா அம்மா, ஒத்துக்கிட்டாரு என்றேன். அம்மா என் பக்கம் திரும்பினார்.

“என்னாத்த ஒத்துக்கிட்டாரு? ரக்ரர் நீலம்னு ஒத்துக்கிட்டது நானு. கெணறு இன்னும் அவரு வேலிக்குள்ளதான இருக்கு. அந்தப் புள்ள நல்லா எழுதியிருக்கா. எழுதுனது போதும்னு அவள ஒக்காந்துற விடாத. அந்தக் காணி அவளுக்குத்தான வரும். அப்ப என்னா செய்வான்னு கேட்டு எழுது.”

கேட்டுவிட்டேன். இதற்கு நாவலில் பதில் எழுதாதே. எனக்கு எழுது.

கஜேந்தினி